பதக்கம் வேறு, பதிவு வேறு: முன்னாள் படைவீரரின் ஆவணத்தில் விடுபட்ட மெடலைச் சேர்க்கும் வழி

படையிலிருந்து ஓய்வுபெற்று வந்த ஒருவரிடம் என்னென்ன மெடல் வாங்கினீர்கள் என்று கேட்டால், சட்டையில் குத்தியிருந்த ரிப்பன்களின் நிறத்தை நினைவில் வைத்தே வரிசையாகச் சொல்லிவிடுவார். அதே கேள்வியை அரசிடம் கேட்டால், ரெக்கார்ட் ஆபீஸ் என்று படைவீரர்கள் அழைக்கும் ஆவண அலுவலகத்தில் அவர் பெயரில் இருக்கும் தாள்களைப் பார்த்துத்தான் பதில் வரும். இந்த இரண்டு பதில்களும் ஒத்துப்போகாத நிலையைத்தான் ஆவணத்தில் மெடல் விடுபட்டிருக்கிறது என்கிறோம். அதைச் சரிசெய்ய முடியுமா, முடியுமென்றால் எங்கே தொடங்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

ஆவடியில் குடியிருக்கும் என் சித்தப்பா தரைப்படையில் ஹவில்தாராக இருந்து 2009-ல் ஓய்வுபெற்றவர். 1999 கோடையில் தன் யூனிட்டிலிருந்து வேறொரு யூனிட்டுக்குத் தற்காலிகமாக அனுப்பப்பட்டு, சண்டை நடந்துகொண்டிருந்த நாட்களில் கார்கில் பகுதியில் இருந்தார். திரும்பி வந்தபின் மற்றவர்களைப் போலவே, அந்தச் சண்டைக்கான பதக்கமாகிய ஆபரேஷன் விஜய் ஸ்டாருக்குரிய ரிப்பனை அணிந்தார். யாரும் ஏனென்று கேட்கவில்லை. ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, ஓய்வுபெறும்போது சேவை விவரங்களை எழுதித் தரும் டிஸ்சார்ஜ் புக்கை வேறு ஏதோ வேலைக்காக நகலெடுக்கப் போனபோது, ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றுகொண்டு அந்தப் பக்கத்தை முதன்முறையாக நிதானமாகப் படித்திருக்கிறார். பதக்கங்களுக்கான கட்டத்தில் சைன்ய சேவா மெடல், ஐம்பதாவது சுதந்திர ஆண்டு மெடல், ஒன்பதாண்டு, இருபதாண்டு நீண்ட சேவை மெடல்கள் என்று நீல மையில் நான்கு பெயர்கள் இருந்தன. ஐந்தாவது பெயர் இல்லை. "மெடல் போனாப் போவுது தம்பி, நான் அங்க போகவே இல்லேன்னுல்ல ஆயிடுச்சு" என்று என்னிடம் சொன்னார். அவருக்காகக் கடிதம் எழுதப் போய் நான் கற்றுக்கொண்டதை, இதைப் பற்றி எதுவும் அறியாதவருக்கும் புரியும்படி இங்கே எழுதுகிறேன்.

எந்த வகைப் பதக்கம்?

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் வழி பிரிவது இங்கேதான். படையில் வழங்கப்படும் பதக்கங்களில் ஒரு வகை, ஒருவர் செய்த குறிப்பிட்ட வீரச் செயலுக்காகவோ சிறப்பான பணிக்காகவோ மேலதிகாரிகள் பரிந்துரைத்து, பல நிலைகளில் ஆராயப்பட்டு, கடைசியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு அரசிதழில் வெளியாவது. 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்ட பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா ஆகிய மூன்றும், அமைதிக்காலத்துக்குரிய அசோக சக்ரா வரிசையும், சேனா மெடல் போன்றவையும் இதில் அடங்கும். மற்றொரு வகை, சேவைப் பதக்கங்கள். இவற்றுக்குப் பரிந்துரை தேவையில்லை. எந்தப் பகுதியில், எந்தக் காலத்தில், எத்தனை நாள் பணியாற்றினால் தகுதி என்று அரசு ஒரு விதி வகுத்திருக்கும், அந்த விதிக்குள் வருகிற சிப்பாய் முதல் ஜெனரல் வரை எல்லோருக்கும் அது உரியது.

1960-ல் நிறுவப்பட்ட சைன்ய சேவா மெடல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் ரிப்பனில் கிளாஸ்ப் எனப்படும் சிறு உலோகப் பட்டை ஒன்று இருக்கும். ஜம்மு காஷ்மீர், இமாலயா, அந்தமான் நிக்கோபார் என எந்தப் பகுதியில் பணியாற்றினாரோ அந்தப் பெயர் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். ஆகவே மெடல் பதிவாகி கிளாஸ்ப் விடுபட்டிருந்தால், அதுவும் திருத்தம் கோரத் தக்க பிழைதான். 1971 போருக்குக் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார் என்று தனித்தனியே உண்டு. 1999-க்கும் அப்படியே: போர்ப் பகுதிக்குள் இருந்தவர்களுக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டார், பரந்த எல்லைப் பகுதிகளில் நிறுத்தப்பட்டவர்களுக்கு ஆபரேஷன் விஜய் மெடல். பெயர் ஒன்றுபோல் இருப்பதால், ஸ்டாருக்குத் தகுதியுள்ளவர் பெயரில் மெடல் மட்டும் பதிவாகியிருந்தால் அது கண்ணில் படாமலே போய்விடும்.

சேவைப் பதக்கம் விதியின்படி வருவது என்பதால், விதியை நிறைவேற்றியதைக் காட்ட முடிந்தால் திருத்தம் கேட்பதற்கு அடித்தளம் உண்டு. வீரப் பதக்கத்தின் கதை வேறு. "என் பெயரை எழுதி அனுப்பினார்கள், ஆனால் வரவில்லை" என்று சொல்பவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அனுப்பப்பட்ட பரிந்துரை ஏற்கப்படாமல் போவது ஆவணப் பிழை ஆகாது. அதைத் திருத்த மனுவாக எழுதினால், கிடைத்திருக்கக்கூடிய வேறு நியாயமும் அதோடு சேர்ந்து அமுங்கிவிடும். ஆனால் அரசிதழில் பெயர் வந்த பிறகும் ஆவணத்தில் ஏறாமல் போயிருந்தாலோ, தவறாக ஏறியிருந்தாலோ, அது கண்டிப்பாகத் திருத்தப்பட வேண்டியது. சேனா மெடலில் வீரத்துக்கானது, சிறப்பான பணிக்கானது என இரண்டு உண்டு. வீரத்துக்கானதற்கு மட்டுமே மாதப் படி உண்டு; 2017 ஆகஸ்ட் முதல் அது 2,000 ரூபாய். பதிவில் 'வீரத்துக்காக' என்ற ஒரு சொல் விடுபட்டால் அந்தத் தொகையும் விடுபடும். பரம் வீர் சக்ராவுக்கு அதே காலத்திலிருந்து 20,000 ரூபாய். சாதாரண சேவைப் பதக்கங்களுக்குப் படி எதுவும் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவற்றுக்காக அலைபவர்கள் பணத்துக்காக அலையவில்லை.

தாள் எங்கே அறுந்தது?

ஒரு சேவைப் பதக்கம் படைவீரரின் டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு வரியாக வந்து உட்காருவதற்குள் பல கைகள் மாறுகிறது. யூனிட் எழுத்தர் தகுதியுள்ளவர்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரிப்பார். அதன் அடிப்படையில் பார்ட் டூ ஆர்டர் வெளியிடப்படும். இந்தச் சொல்லைப் புதியவர்கள் மனத்தில் நன்றாக இருத்திக்கொள்ள வேண்டும். ஒரு படைவீரரின் வாழ்க்கையில் அலுவல்முறையாக நடக்கும் ஒவ்வொன்றும், திருமணம், குழந்தை பிறப்பு, பதவி உயர்வு, இடமாற்றம், மருத்துவமனையில் சேர்ப்பு, பதக்கம் என எதுவானாலும், யூனிட் வெளியிடும் பார்ட் டூ ஆர்டரில் எண்ணும் தேதியும் இட்டு அறிவிக்கப்பட்டால்தான் நடந்ததாகக் கணக்கு. அந்த ஆணை ரெக்கார்ட் ஆபீசுக்குப் போகும். அங்கே அவருடைய ஷீட் ரோல் என்ற முதன்மைச் சேவை ஆவணத்தில் அது ஏற்றப்படும். ஓய்வுபெறும்போது ஷீட் ரோலைப் பார்த்து டிஸ்சார்ஜ் புக்கை நிரப்புவார்கள். உலோகப் பதக்கம் தனியே, தனக்கென ஒரு வழியில், பெரும்பாலும் பல ஆண்டுகள் தாமதமாக வந்து சேரும்.

இந்தத் தாமதமே பெரிய குழப்பத்துக்குக் காரணம். அரசு தரும் பதக்கம் கைக்கு வரும்வரை அணிவகுப்பில் வெறும் மார்போடு நிற்க முடியாது என்பதால், கன்டோன்மென்ட் கடைகளில் விற்கும் நகலை வாங்கி அணிவது வெகுகாலமாக நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் இருக்கும் பதக்கம் எது என்று தெரிந்துகொள்ள அதன் விளிம்பைப் பார்க்க வேண்டும். அரசு வழங்கிய சேவைப் பதக்கத்தின் விளிம்பில் வழக்கமாக ஆர்மி நம்பர், பதவி, பெயர் ஆகியவை பொடி எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும்; கடையில் வாங்கியதில் விளிம்பு வழுவழுப்பாக இருக்கும். சித்தப்பாவின் பெட்டியில் இருந்த ஸ்டாரை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பெயரில்லை. இருபது ஆண்டுக்கு மேல் அவர் வைத்திருந்தது கடைச் சரக்கு என்பது அவருக்கே அன்றுதான் உறைத்தது.

எனவே குறை மூன்று இடங்களில் ஏதாவதொன்றில் இருக்கலாம். ஷீட் ரோலில் பதிவு சரியாக இருந்து உலோகம் மட்டும் வரவில்லையென்றால், அது திருத்தமே அல்ல. வழங்கக் கோரி ஒரு கடிதம் போதும். பார்ட் டூ ஆர்டர் வெளியாகி, ஷீட் ரோலில் ஏறாமல் நின்றுபோயிருந்தால், அந்த ஆணையின் எண்ணையும் தேதியையும் கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும். அது கிடைத்துவிட்டால் மற்றது எழுத்தர் வேலை. பார்ட் டூ ஆர்டரே வெளியாகவில்லை என்றால்தான் உண்மையான சிரமம், ஏனென்றால் அப்போது ஒருவர் அந்த இடத்தில் அத்தனை நாள் இருந்தார் என்பதையே புதிதாக நிறுவ வேண்டியிருக்கும். தன் யூனிட்டோடு போனவர்களுக்கு இது அவ்வளவாக நேர்வதில்லை. வேறு யூனிட்டுக்குத் தற்காலிகமாக அனுப்பப்பட்டவர்கள், நடுவில் இடமாற்றம் பெற்றவர்கள், காயம்பட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் ஆகியோரைத்தான், தாய் யூனிட் அவர்கள் எழுதுவார்கள் என்றும், போன யூனிட் இவர்கள் எழுதுவார்கள் என்றும் விட்டுவிடுகிறது.

ஆகையால் முதல் கடிதத்தில் மெடல் கேட்கக் கூடாது, பதிவைக் கேட்க வேண்டும் என்பது என் திடமான கருத்து. எங்கே அறுந்தது என்று தெரியாமல் "எனக்கு மெடல் வழங்குக" என்று எழுதினால், "தங்கள் ஆவணங்களின்படி தகுதி இல்லை" என்ற ஒற்றை வரிப் பதில் வரும். அந்தப் பதிலே பிறகு நமக்கு எதிரான ஒரு தாளாகக் கோப்பில் ஏறிவிடும்.

கேட்க வேண்டிய இடம்

சென்னையில் இருப்பவர்கள் முதலில் போவது பெரும்பாலும் தவறான கதவுக்குத்தான். தேனாம்பேட்டையில் உள்ள பாதுகாப்புக் கணக்கு அலுவலகம் பணக் கணக்குக்கானது. ஸ்பார்ஷ் இணையதளம் ஓய்வூதியத்துக்கானது. அதில் எவ்வளவு தேடினாலும் சேவைப் பதக்கம் பற்றி எதையும் திருத்த முடியாது. தீவுத்திடலை ஒட்டிய படைத் தலைமையகத்திலும் தனிநபர் ஆவணங்கள் இல்லை. சிப்பாய், ஹவில்தார், சுபேதார் ஆகியோரின் ஆவணங்கள் அவரவர் ரெஜிமென்ட் அல்லது பிரிவின் ரெக்கார்ட் ஆபீசில் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்புக்குப் பெங்களூரு, சிக்னல்ஸ் பிரிவுக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, இ.எம்.இ. எனப்படும் மின், இயந்திரப் பொறியியல் பிரிவுக்குச் செகந்தராபாத். அதிகாரிகளின் ஆவணங்கள் புதுதில்லியில் தரைப்படைத் தலைமையகத்தில் உள்ளன. விமானப்படை வீரர்களுக்குத் தில்லி சுப்ரதோ பார்க், கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்குர்ட்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் திருத்தம் செய்யும் அதிகாரம் பெற்றதல்ல. ஆனால் கடிதத்தைச் சரிபார்த்து, தன் பரிந்துரைக் குறிப்போடு ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்பிவைக்கும். நாமே நேரடியாக ஒரு பிரதியை ஒப்புகையுடன் அஞ்சலில் அனுப்பிவிட்டு, இன்னொன்றை அந்த அலுவலகத்தின் வழியாகவும் அனுப்புவது நல்லது. வழக்கமாகச் சொல்லப்படுவதைவிட இந்த அலுவலகங்கள் உதவிகரமாகவே இருக்கின்றன, கையில் டிஸ்சார்ஜ் புக்கின் தெளிவான நகலோடு போனால்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இங்கே மிகப் பயனுள்ள கருவி. 10 ரூபாய் கட்டணத்தோடு, இணையம் வழியாகவோ அஞ்சலிலோ மனு செய்யலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தனிநபர் தகவல் என்று மறுக்க இயலாது, கேட்பவர் தன் சொந்த ஆவணத்தையே கேட்கிறார். பதில் திருப்தியில்லையென்றால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடும், அதன்பின் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். கேள்வியை எப்படி எழுதுகிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. "எனக்கு ஏன் மெடல் தரவில்லை?" என்பது தகவல் அல்ல, விளக்கம், அதற்கு அவர்கள் பதில் சொல்லத் தேவையில்லை. ஷீட் ரோலின் சான்றிட்ட நகல், 1999 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை என் ஆர்மி நம்பர் இடம்பெற்ற பார்ட் டூ ஆர்டர்களின் நகல்கள், அக்காலத்தில் நான் தற்காலிகப் பணிக்கு அனுப்பப்பட்டதற்கான பதிவு என்று ஆவணத்தின் பெயரையும் காலத்தையும் சொல்லிக் கேட்டால், மழுப்புவதற்கு இடமிருக்காது.

காலம் கடந்தவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓய்வூதியம் இல்லாமல் விலகியவர்களின் சேவை ஆவணங்களை 25 ஆண்டுக்குப் பின் அழித்துவிடத் தரைப்படை விதிமுறைகள் இடமளிக்கின்றன. அதன்பின் எஞ்சுவது லாங் ரோல் எனப்படும் நிரந்தரப் பதிவேடு மட்டுமே. அதில் ஒருவரைப் பற்றி மிகச் சுருக்கமாகவே எழுதியிருக்கும். ஆவணம் அழிக்கப்பட்டது என்ற பதில் வந்தால் மனம் தளர்ந்துவிடாமல், லாங் ரோலின் நகலைத் தனியே கேட்டு வாங்குவது நல்லது. அமெரிக்காவில் 1973-ல் செயின்ட் லூயிஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் ஒரு கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர் கோப்புகள் எரிந்துபோயின; அங்கே இன்றும் பலர் வேறு தாள்களைக் கொண்டே தங்கள் சேவையை நிறுவுகிறார்கள். அந்த நாட்டில் படை ஆவணங்களைத் திருத்துவதற்கென்றே, பொதுமக்களை உறுப்பினர்களாகக் கொண்ட தனி வாரியங்கள் உண்டு. நம்மிடம் அப்படியொரு வாரியம் இல்லை. பிழை நேர்ந்த அதே அலுவலக வரிசையிடமே முதலில் கேட்க வேண்டியிருப்பது நம் முறையின் ஒரு குறை என்றே எனக்குத் தோன்றுகிறது.

எதைச் சான்றாகக் காட்டுவது?

"நான் அங்கிருந்தேன்" என்பது சான்றாகாது, எவ்வளவு உண்மையாக இருந்தாலும். நினைவு சொல்வதை ஒரு தாள் சொல்ல வேண்டும். அந்தத் தாள் அந்தக் காலத்திலேயே, இந்தக் கோரிக்கையை நினைக்காத யாரோ எழுதியதாக இருந்தால் அதற்கு வலு அதிகம். என் அனுபவத்தில் முதலிடம் சம்பளப் பதிவுக்கு. களப் பகுதிக்கும் உயரமான பகுதிக்கும் தனித்தனிப் படிகள் உண்டு; அங்கே இருந்தவருக்குத்தான் அவை கிடைக்கும். ஆகவே குறிப்பிட்ட மாதங்களில் அந்தப் படி வரவு வைக்கப்பட்டிருந்தால், அவரை அங்கே இருந்ததாக அரசே பணம் கொடுத்து ஒப்புக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு ரெக்கார்ட் ஆபீசையும் ஒட்டி, அதற்கிணையான சம்பளக் கணக்கு அலுவலகம் ஒன்று இயங்குகிறது. தனிநபர் கணக்கேடு அங்கே இருக்கும். ஷீட் ரோலை மட்டும் கேட்டுவிட்டு இதைக் கேட்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்து, போக்குவரத்து ஆணை, விடுப்புச் சான்று, மருத்துவமனைச் சேர்க்கைத் தாள் போன்றவை. காயம்பட்டு வெளியேற்றப்பட்டவர்களுக்கு மருத்துவத் தாள் இரட்டைப் பயனுடையது. இருந்த இடத்தையும் காட்டும், பல பதக்க விதிகளில் காயமுற்றவர்களுக்குக் குறைந்தபட்ச நாள் கணக்கிலிருந்து தரப்படும் விலக்குக்கும் ஆதாரமாகும். அப்போது உடனிருந்த அதிகாரியோ, சுபேதார் போன்ற ஜே.சி.ஓ.வோ நோட்டரி முன் கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழி வாக்குமூலம் துணைச் சான்றாக உதவும். ஆனால் எல்லோரும் ஒரே வாசகத்தை நகலெடுத்துக் கையெழுத்திட்ட வாக்குமூலங்களை எந்த எழுத்தரும் இரண்டாவது முறை படிக்க மாட்டார். ஒருவர் தனக்குத் தெரிந்ததை மட்டும், தேதி நினைவில்லையென்றால் நினைவில்லை என்றே எழுதித் தருவதுதான் நம்பத்தக்கது.

வீட்டிலேயே இருக்கும் சான்றும் உண்டு. படைவீரர்களின் கடிதங்களில் ஊர்ப்பெயர் இருக்காது. மேற்கு, வடக்குப் பகுதிகளில் இருந்தால் '56 ஏ.பி.ஓ.' என்றும், கிழக்கில் இருந்தால் '99 ஏ.பி.ஓ.' என்றும் ராணுவ அஞ்சலகத்தின் எண் மட்டுமே முகவரியாக இருக்கும். சித்தி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இன்லண்டு லெட்டர்களை அடுக்கி வைத்திருந்தார். அவற்றில் மூன்று, 1999 ஜூன், ஜூலை மாத முத்திரையோடு, சித்தப்பாவின் சொந்த யூனிட்டின் பெயரல்லாமல் வேறொரு யூனிட்டின் பெயரை அனுப்புநர் முகவரியில் கொண்டிருந்தன. அவை தகுதியை நிறுவவில்லை. எந்த யூனிட்டின் பார்ட் டூ ஆர்டரைக் கேட்க வேண்டும் என்பதைக் காட்டின. அதுவரை நாங்கள் தவறான யூனிட்டின் ஆணைகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பெயர்ச் சிக்கலைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். ஆள்சேர்ப்பின்போது வடநாட்டு எழுத்தர் ஒருவர் தகப்பனார் பெயரைப் பின்னொட்டாகச் சேர்த்திருப்பார். இன்னொருவர் இனிஷியலையே விட்டிருப்பார். 'ழ' இருக்கும் பெயர் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலில் நிற்கும். ஆதாரில் ஒன்று, டிஸ்சார்ஜ் புக்கில் ஒன்று என்றிருந்தால், இரண்டும் ஒருவரே என்பதற்கான உறுதிமொழிப் பத்திரத்தை மெடல் கோரிக்கைக்கு முன்பே தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாக் கடிதத்திலும் டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள பெயரையே, அது தவறென்றாலும், எழுத வேண்டும். ஆர்மி நம்பர்தான் உண்மையான அடையாளம். அதில் ஓர் இலக்கம் மாறினால் ஆள் மாறிவிடுவார்.

எழுதும் முறை

சான்றுகள் சேர்ந்தபின் எழுதும் இரண்டாவது கடிதம்தான் உண்மையான திருத்த மனு. அது ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. ஆர்மி நம்பர், பதவி, பெயர், பிரிவு, சேர்ந்த தேதி, ஓய்வுபெற்ற தேதி ஆகியவை மேலே இருக்க வேண்டும். எந்தப் பதக்கம், எந்தக் கிளாஸ்ப் என்று ஒரு வாக்கியம். எந்தக் காலத்தில் எந்த யூனிட்டோடு எந்தப் பகுதியில் இருந்தார் என்று ஒரு வாக்கியம். அதை எந்த இணைப்புக் காட்டுகிறது என்று எண்ணிட்டு ஒரு பத்தி. கடைசியில், ஷீட் ரோலிலும் டிஸ்சார்ஜ் புக்கிலும் பதிவைச் சேர்த்து, அதற்கான பார்ட் டூ ஆர்டரின் நகலை அனுப்புமாறும், பதக்கத்தை வழங்குமாறும் கோரிக்கை. நாட்டுக்காகப் பட்ட துன்பத்தை அதில் எழுத வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்வது எனக்குக் கடினமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கடிதத்தைப் படிப்பவர் ஓர் எழுத்தர். அவர் தேடுவது ஓர் எண்ணும் ஒரு தேதியும். அசல் டிஸ்சார்ஜ் புக்கை நாமாக அஞ்சலில் அனுப்பாமல், சான்றிட்ட நகலையே அனுப்ப வேண்டும். பதிவுக்காக அசலை அவர்களே எழுத்தில் கேட்டால், எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்துக்கொண்டு அனுப்பலாம்.

படைவீரர் காலமாகிவிட்டிருந்தால் மனைவியோ, அவரும் இல்லையென்றால் பிள்ளைகளோ வாரிசு என்ற முறையில் இதையே கேட்கலாம். இறப்புச் சான்றும் உறவுக்கான சான்றும் கூடுதலாகத் தேவைப்படும். வழங்கப்பட்ட பதக்கம் தொலைந்துபோனது என்பது முற்றிலும் வேறு விஷயம். காவல் நிலையத்தில் பதிவு செய்து, உறுதிமொழியோடு ரெக்கார்ட் ஆபீசிடம் மாற்றுப் பதக்கம் கேட்க வேண்டும்.

மறுத்துவிட்டால்

மறுப்பு வந்தாலும், பதிலே வராவிட்டாலும், அடுத்த படி ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்தத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையிலும் ஓர் அமர்வு உண்டு. படைவீரரின் பணி தொடர்பான விவகாரங்களை விசாரிக்கும் அதிகாரம் அதற்கு இருக்கிறது. ரெக்கார்ட் ஆபீசிடம் கேட்காமல் நேரே அங்கே போனால் பொதுவாக ஏற்க மாட்டார்கள். இறுதி ஆணை வந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். மனுவுக்கு ஆறு மாதமாகியும் பதில் இல்லையென்றால், அதற்கடுத்த ஆறு மாதத்துக்குள் போகலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் பொறுத்துக்கொள்ளும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு. ஓய்வூதியம் போல மாதாமாதம் தொடரும் இழப்பு என்றால் தாமதத்தைச் சற்றுத் தாராளமாகப் பார்ப்பார்கள்; சேவைப் பதக்கத்தில் அப்படியொரு தொடர் இழப்பைக் காட்டுவது கடினம் என்பதால், இங்கே தேதிகள் முக்கியம். கடிதங்களின் ஒப்புகைகளைப் பத்திரப்படுத்தச் சொல்வது இதற்காகத்தான். தீர்ப்பாயத்தின் ஆணைக்கு எதிராக உயர் நீதிமன்றத்தை நீதிப்பேராணை மனு வழியாக அணுகலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2023-ல் உறுதிசெய்தது. இருந்தாலும் ஒரு சேவைப் பதக்கத்துக்காக அதுவரை போக வேண்டிய தேவை, தாள் சரியாக இருந்தால், அநேகமாக வராது.

எங்களுக்கு வரவில்லை. சரியான யூனிட்டின் பெயரைச் சொல்லி மறுபடி தகவல் கேட்டபோது, பழைய பார்ட் டூ ஆர்டர் ஒன்றின் மங்கலான நகல் வந்தது. பட்டியலில் சித்தப்பாவின் பெயர் இருந்தது, பதவி இருந்தது, ஸ்டார் இருந்தது. ஆர்மி நம்பரில் மட்டும் 3 இருக்க வேண்டிய இடத்தில் 8 இருந்தது. தட்டச்சுப் பிழை. அந்த எண்ணுக்குரிய ஷீட் ரோலைத் தேடி, கிடைக்காமல், யாரோ அந்த வரியை அப்படியே விட்டிருக்கிறார்கள். சம்பளக் கணக்கேட்டின் நகலையும் அந்த ஆணையையும் இணைத்து அனுப்பிய மனுவுக்கு ஏழு மாதம் கழித்துத் திருத்த ஆணை வந்தது. சித்தப்பா அதை லேமினேட் செய்யப் போனார். ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது, அலுவலகத்தில் அசலைக் கேட்பார்கள் என்று தடுத்தேன். இப்போது டிஸ்சார்ஜ் புக்கின் அந்தப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் செருகி வைத்திருக்கிறார். உலோகப் பதக்கம் இன்னும் வரவில்லை. வந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் விளிம்பில் உள்ள எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.